நேரம் மிஞ்சிய ஊர்: வேலை போனால் வாழ்வின் பொருள் எங்கே போகிறது?

செயற்கை நுண்ணறிவு வேலைகளைப் பறித்துவிடும் என்ற செய்தி வராத வாரம் இல்லை. அதையொட்டி இரண்டு வாதங்கள் எழுகின்றன. இயந்திரம் உழைக்கட்டும், அரசு மாதந்தோறும் ஒரு தொகையைக் கையில் கொடுக்கட்டும், மனிதர்கள் பிடித்ததைச் செய்து நிம்மதியாக வாழலாம் என்பது ஒன்று. வேலை இல்லாவிட்டால் மனிதன் வெறும் கூடாகிவிடுவான், பணத்தால் அதை ஈடுகட்ட முடியாது என்பது மற்றொன்று. இரண்டும் உறுதியான குரலில் சொல்லப்படுவதால், கேட்பவருக்கு எதை நம்புவதென்று தெரிவதில்லை.

கேள்வி புதிதன்று. வேலை முழுவதையும் ஏறக்குறைய ஒரே மூச்சில் இழந்த ஒரு கிராமத்தை 1931, 1932ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் ஆராய்ந்தார்கள். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமட்நொய்சீடல் என்ற ஊரை ஒட்டியிருக்கும் மரியன்தால்தான் அந்தத் தொழிலாளர் குடியிருப்பு. வேலையின்மை மனிதர்களை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல் செல்வத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். இந்த இரண்டும் எங்கே சேர்ந்து வருகின்றன, எங்கே பிரிகின்றன என்பதே இங்கு ஆராயப்படுவது. ஆகவே செல்வத்தை 'வருமானம்' என்றும் அர்த்தத்தை மட்டும் 'பொருள்' என்றும் சொல்வோம்.

வாழ்வின் பொருள் என்பது பிறவியின் நோக்கம் பற்றிய பெரிய கேள்வி அல்ல. உளவியலாளர்கள் அதை அன்றாட அளவில் பார்க்கிறார்கள். நேற்றும் இன்றும் நாளையும் தொடர்புடையவையாகத் தோன்றுவது, நாள்கள் எதையோ நோக்கிப் போவதாக உணர்வது, தான் இருப்பது யாருக்கோ ஒரு பொருட்டு என்று தெரிவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது.

'வேலை' என்று இங்கே சொல்வது சம்பளத்துக்காக, வீட்டுக்கு வெளியே, பிறரோடு சேர்ந்து செய்யும் தொழிலை. 'உழைப்பு' அதைவிட அகலமானது; சமையலும் பிள்ளை வளர்ப்பும் தோட்டமும் அதில் அடங்கும். பெண்களின் நிலையைப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

'ஓய்வு' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஓய்தல் என்றால் ஏதோ ஒன்றிலிருந்து ஓய்வது. ஓய்வதற்கு முன்னால் ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

1930: ஒரு கணிப்பும் ஒரு கதவடைப்பும்

பிரிட்டனின் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நூறு ஆண்டுகளில், அதாவது 2030 வாக்கில், தொழில்நுட்பம் மனிதர்களின் பொருளாதாரச் சிக்கலைத் தீர்த்துவிடும், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதும் என்றார். அதே கட்டுரையில் ஓர் அச்சத்தையும் வைத்தார். எண்ணற்ற தலைமுறைகளாக உழைத்துப் பழகிய மனிதன் அந்தப் பழக்கத்தைச் சில பத்தாண்டுகளில் உதற வேண்டியிருக்கும், அதை நினைத்தால் கலக்கமாக இருக்கிறது என்று எழுதினார். கணிப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர், அச்சத்தைச் சொல்வதில்லை.

மரியன்தாலில் கடைசித் தறிகள் நின்றதும் அந்த 1930இல்தான். 1830இல் ஒரு நூற்பாலையாகத் தொடங்கி, அதைச் சுற்றியே வளர்ந்த குடியிருப்பு அது. உலகப் பொருளாதார நெருக்கடியில் 1929 ஜூலையில் நூற்புப் பிரிவு மூடப்பட்டது. அடுத்தடுத்த மாதங்களில் துணி அச்சுப் பிரிவும் சலவைப் பிரிவும் போயின. 1930 பிப்ரவரியில் நெசவும் நின்றது. பிறகு ஆலையையே இடித்தார்கள். தாங்கள் வேலை பார்த்த இடம் கற்குவியலாகவும் நசுங்கிய கொதிகலன்களாகவும் கிடப்பதை மக்கள் தங்கள் வீட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் அப்போது 1,486 பேர், 478 குடும்பங்கள். அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குடும்பங்கள் வேலையின்மை உதவித்தொகையை நம்பி வாழ்ந்தன. அந்தத் தொகையும் நிரந்தரமன்று. சில மாதங்களில் அது குறைந்த அளவிலான அவசர உதவியாக மாறும், பிறகு அதுவும் நின்றுவிடும். இடையில் யாராவது கைச்செலவுக்குச் சிறு வேலை செய்தது தெரிந்தால் உதவி பறிபோகும். வாய் ஆர்மோனியம் வாசித்துச் சில காசு பெற்றதற்காக உதவித்தொகையை இழந்தவர் ஒருவர் இருந்தார்.

ஆய்வாளர்கள் ஊருக்குள் நுழைந்த விதம்

பால் லாசார்ஸ்ஃபெல்ட், மரீ யஹோடா, ஹான்ஸ் ஸைசல் ஆகிய மூவரும் வியன்னாவைச் சேர்ந்த இளம் ஆய்வாளர்கள். எட்டு மணி நேர வேலைநாள் சட்டமான பிறகு தொழிலாளர்கள் தங்கள் ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆராயவே லாசார்ஸ்ஃபெல்ட் முதலில் விரும்பினார். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பௌவர் அவரைக் கடிந்துகொண்டார். நாடே வேலையில்லாமல் தவிக்கும்போது ஓய்வைப் பற்றி ஆராய்வதா, மரியன்தாலுக்குப் போங்கள் என்று திருப்பிவிட்டவர் அவர்தான்.

குழு தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டது. யாரும் வெறும் பார்வையாளராக ஊருக்குள் இருக்கக் கூடாது. ஊராருக்குப் பயன்படும் ஏதாவது ஒரு காரியத்தைச் செய்துகொண்டே தகவல் திரட்ட வேண்டும். வியன்னாவில் சேகரித்த பழைய துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், இலவச மருத்துவ ஆலோசனை நடத்தினார்கள், துணி வெட்டும் வகுப்பும் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பும் எடுத்தார்கள். லோட்டே டான்சிங்கர் என்ற ஆய்வாளர் ஆறு வாரங்கள் ஊரிலேயே தங்கினார். வறுமையை ஆராயப் போகிறவர்களுக்கு இதைவிட நாகரிகமான நடைமுறையை நான் படித்ததில்லை.

கைக்கடிகாரம் கட்டாத ஆண்கள்

வேலை போன தொழிலாளர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது நேரம் ஒன்றுதான். தொழிலாளர் இயக்கம் பல ஆண்டுகள் போராடிக் கேட்டதும் நேரத்தைத்தான். ஊரில் தொழிலாளர் நூலகம் இருந்தது, நாடகக் குழு இருந்தது, கால்பந்துக் கழகம் இருந்தது. ஆலை ஓடிய காலத்தில் எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்து வந்தவர்கள்தான் இவற்றையெல்லாம் நடத்தினார்கள். நாள் முழுவதும் கையில் இருக்கும்போது இவை இன்னும் செழித்திருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம்.

நடந்தது நேர்மாறு. நூலகத்தில் புத்தகம் எடுப்பதற்கான கட்டணத்தை நீக்கினார்கள். இருந்தும் 1929க்கும் 1931க்கும் இடையே எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கட்சியின் நாளிதழான 'அர்பைட்டர் ட்சைட்டுங்' வேலையற்றோருக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. ஆனாலும் அதன் சந்தாக்கள் 60 விழுக்காடு சரிந்தன. மக்கள் கூடி உலாவிய பூங்காவில் களை மண்டியது. அதைச் செப்பனிட ஊரில் ஆளில்லாமல் இல்லை; கை ஓய்ந்த நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். யாரும் செய்யவில்லை.

ஆய்வாளர்கள் தெருவையும் அளந்தார்கள். ஊரின் பிரதான சாலையில் நடந்து போகிறவர்களைக் கண்ணில் படாத இடத்திலிருந்து கவனித்தார்கள். ஏறக்குறைய 300 மீட்டர் தூரம். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் தூரத்துக்குள் இரண்டு முறையாவது நின்றார்கள். நிற்காமல் போய்ச் சேர்ந்தவர் பத்தில் ஒருவர்தான். பெண்களோ நிற்பது குறைவு, நடையும் விரைவு. நூறு ஆண்களில் 88 பேர் கைக்கடிகாரம் அணிந்திருக்கவில்லை. அவர்களில் 31 பேர் கடிகாரத்தை வீட்டில் வைத்திருந்தார்கள். விற்றுவிட்டவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் வைத்துக்கொண்டே கட்டாமல் வந்த அந்த 31 பேரைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்ன தாள்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினேன், விறகு எடுத்து வந்தேன், தண்ணீர் கொண்டுவந்தேன் என்று காலையைத் தொடங்குகிறார் ஒருவர். பிறகு எழுத ஒன்றும் இல்லை. "இதற்குள் நண்பகல் ஆகிவிடுகிறது" என்று ஒரு வரி. அந்த வரிக்குள் பல மணி நேரம் போய்விட்டது. எழுந்திருப்பது, மதியம் சாப்பிடுவது, படுப்பது என்ற மூன்று கம்பங்கள் மட்டும் நாளில் எஞ்சியிருந்தன. அந்த மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஆண்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று மனைவியர் குறைப்பட்டார்கள். செய்ய ஒரு காரியமும் இல்லாதவருக்கே தாமதமாகிறது. விரைவதற்குக் காரணம் இருந்தால்தானே நேரம் தெரியும்?

பெண்களுக்கு ஆலை வேலைதான் போனது, உழைப்பு போகவில்லை. குறைந்த காசில் சமைப்பதும் கிழிந்ததைத் தைப்பதும் முன்னைவிடக் கூடுதல் நேரம் கேட்டன. அதனால் அவர்களின் நாள் சிதையவில்லை. ஆனால் இதிலிருந்து 'பெண்களுக்கு வீடு போதும்' என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. ஆலையில் உழைத்துவிட்டு வந்து இரவில் வீட்டு வேலையும் பார்த்து நொந்த அதே பெண்களில் பலர், மறுபடி ஆலைக்குப் போக முடிந்தால் போதும் என்றார்கள். காசுக்காக மட்டுமல்ல, நான்கு சுவர்களுக்குள் தனியே கிடப்பது வாழ்வதாகவே இல்லை என்று ஒருவர் சொன்னது பதிவாகியிருக்கிறது.

குழந்தைகளையும் இது விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு என்ன பரிசு வேண்டும் என்று எழுதச் சொன்னபோது, சுற்று வட்டாரக் குழந்தைகள் விரும்பியவற்றின் சராசரி மதிப்பு, அன்றைய ஆஸ்திரிய நாணயத்தில், 36 ஷில்லிங்காக இருந்தது. மரியன்தால் குழந்தைகளுடையது 12. ஆசைப்படுவதற்கு முன்னாலேயே அவர்கள் ஆசையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

வருமானத்தின் பங்கு எவ்வளவு?

இதையெல்லாம் வறுமை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்களே அதைச் சோதித்தார்கள். குடும்பங்களின் மனநிலையை நான்காகப் பிரித்து, வயது வந்த ஒருவருக்கு என்று கணக்கிட்ட மாத வருமானத்தை ஒவ்வொன்றுக்கும் பார்த்தார்கள். எதிர்காலத் திட்டமும் முயற்சியும் குன்றாத குடும்பங்களில் அது சராசரியாக 34 ஷில்லிங். குழந்தைகளையும் வீட்டையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, ஆனால் இனி எதையும் எதிர்பார்க்காமல் அடங்கிப்போன குடும்பங்களில் 30. வெளியே கட்டுக்கோப்பு குலையாமல் உள்ளே நம்பிக்கை முற்றிலும் அற்றுப்போன குடும்பங்களில் 25. எல்லாவற்றையும் கைவிட்டுவிட்ட குடும்பங்களில் 19.

படிக்கட்டு தெளிவாகவே தெரிகிறது. சில ஷில்லிங் குறையக் குறைய மனமும் ஒரு படி இறங்குகிறது. வறுமையின் பங்கை மறுக்க யாராலும் முடியாது.

ஆனால் பணத்தால் மட்டும் விளங்காதவையும் அந்த ஊரில் இருந்தன. இலவச நூலகத்துக்குப் போகப் பணம் தேவையில்லை. நேரத்தோடு சாப்பிட வருவதற்கும் தேவையில்லை. உருளைக்கிழங்கு விளைய வேண்டிய துண்டு நிலத்தில் சிலர் பூச்செடி வைத்தார்கள். சாப்பாடு மட்டும் போதுமா, மனத்துக்கும் ஏதாவது வேண்டாமா என்பது அவர்கள் சொன்ன காரணம். வருமானமும் பொருளும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஆனால் ஒன்றே மற்றொன்று அல்ல.

மரீ யஹோடாவின் ஐந்து இழைகள்

ஆய்வு நூல் 1933இல், ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த ஆண்டில் வெளியானது. ஆசிரியர்கள் யூதர்கள் என்பதால் அவர்கள் பெயர் அட்டையில் இல்லை. லாசார்ஸ்ஃபெல்ட் அமெரிக்காவுக்குப் போனார். யஹோடா 1936இல் ஆஸ்திரியாவில் கைதுசெய்யப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு 1937இல் விடுவிக்கப்பட்டார். பிரிட்டனில் குடியேறி, வேலையில்லாச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். வேலை என்பது சம்பளத்தோடு சேர்த்து வேறு எவற்றையெல்லாம், யாரும் கேட்காமலே தருகிறது என்பதைப் பின்னாளில் ஐந்தாகத் தொகுத்தார்:

1. நாளுக்கு ஒரு வடிவம். காலை, மாலை, வார நாள், விடுமுறை என்ற பிரிவுகள். ஞாயிற்றுக்கிழமைக்குச் சுவை வருவது திங்கட்கிழமை இருப்பதால்தான்.

2. குடும்பத்துக்கு வெளியே உள்ள மனிதர்களோடு தொடர்பு. நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு தினமும் பழக நேர்வது. நண்பர்களைப் போல இவர்கள் நமக்கு ஒத்தவர்கள் அல்லர். அதனாலேயே உலகம் எப்படிப்பட்டது என்பது இவர்கள் மூலம் தெரிகிறது.

3. பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் பங்கு. தனியொருவரால் முடியாத ஒன்றுக்குத் தன் கையும் தேவைப்பட்டது என்ற அறிவு.

4. சமூகத்தில் ஓர் இடம். இதை விளக்கத் தமிழருக்கு ஆய்வு தேவையில்லை. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழமொழியை ஒரு தலைமுறை முழுவதும் பிள்ளைகளிடம் சொல்லி வளர்த்திருக்கிறது. அதன் மறுபக்கம் கொடியது. 'சும்மா இருத்தல்' என்பது நம் ஆன்மிக மரபில் எட்டுவதற்கு அரிய நிலை. அதே சொல்லை 'பையன் சும்மாதான் இருக்கிறான்' என்று உறவினர் ஒருவர் திருமண வீட்டில் சொல்லும்போது, கேட்கும் பெற்றோர் தலைகுனிகிறார்கள். இருப்பு ஒன்றுதான், எந்த இடத்திலிருந்து அது பார்க்கப்படுகிறது என்பதே அதைப் பேறாகவோ பழியாகவோ ஆக்குகிறது.

5. ஒழுங்கான செயல்பாடு. மனமில்லாத நாளிலும் கையைக் காலை அசைக்க வைப்பது.

இவற்றை யாரும் நாடிப் போவதில்லை. ஆலைக்குப் போனது கூலிக்காக. மற்றவை கூடவே வந்தன. தேடிப் போகாமல் கிடைத்தவை என்பதால்தான், போனபோது என்ன போனது என்று சொல்லத் தெரியாமல் மக்கள் திகைத்தார்கள். சலிப்பூட்டும் வேலை, கொடுமையான மேலாளர் இருந்த வேலை ஆகியவற்றையும் இழந்தவர் ஏங்குவது இதனால்தான்.

இந்தக் கோட்பாட்டுக்கு எதிர்ப்பும் உண்டு. உளவியலாளர் டேவிட் ஃப்ரையர் முக்கியமானவர். மனிதர்கள் இயல்பாகவே திட்டமிட்டுச் செயல்படுகிறவர்கள்; வேலையின்மையின் வறுமையும் நிச்சயமின்மையும் அந்தத் திட்டமிடலை நொறுக்குகின்றன; ஆகவே குற்றவாளி வறுமைதான், வேலை என்ற நிறுவனத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டாம் என்பது அவர் வாதம். யார் சொல்வது சரி? மரியன்தாலில் வருமானமும் வேலையும் ஒன்றாகவே போனதால் அந்த ஊரை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல இயலாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு இடங்களில் கிடைத்தது.

பின்னிக் கிடந்ததைப் பிரித்த மூன்று ஆய்வுகள்

1. பணம் மட்டும் கொடுத்தால்: பின்லாந்து அரசு 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தது. வேலை கிடைத்தாலும் தொகை நிற்காது. பெற்றவர்களின் மனச்சுமை குறைந்தது, வாழ்க்கையில் நிறைவு கூடியது. வேலைக்குப் போவது குறையவில்லை. சற்றுக் கூடவே செய்தது. பணம் கொடுத்தால் மனிதர் சோம்பேறியாவார் என்ற வாதம் இங்கே தோற்றது. ஃப்ரையர் சொன்னதில் பெரும் உண்மை இருக்கிறது என்பதும் தெரிந்தது.

2. பெயர் மட்டும் மாறினால்: ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடரும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. அதை வைத்து மூன்று பொருளியலாளர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர் ஓய்வூதிய வயதை எட்டும்போது அவரது அன்றாடத்தில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. நேற்றும் வேலை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அவர்களின் வாழ்க்கை நிறைவு கணிசமாக உயர்ந்தது. நேற்றுவரை 'வேலையில்லாதவர்', இன்று 'ஓய்வுபெற்றவர்'. ஊர் தன்மீது வைத்திருந்த எதிர்பார்ப்பு விலகியதும் மூச்சு விட முடிந்தது. யஹோடாவின் நான்காவது இழை எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடைப்பது அரிது.

3. வேலையின் அளவு குறைந்தால்: பிரிட்டனில் 2009 முதல் 2018 வரை 70,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் குழு ஒன்று, மனநலத்துக்கு எத்தனை மணி நேர வேலை போதும் என்று கேட்டது. 2019இல் வந்த விடை வியப்பூட்டியது. வேலையில்லாத நிலையிலிருந்து வாரத்துக்கு எட்டு மணி நேரம்வரையிலான சம்பள வேலைக்கு வந்தாலே மனநலக் கோளாறுக்கான வாய்ப்பு சராசரியாக 30 விழுக்காடு குறைந்தது. அதற்கு மேல் மணி நேரம் கூடக் கூட, நன்மை கூடியதாகத் தெரியவில்லை. ஒரு நாள் வேலை போதும் என்றால், கெய்ன்ஸ் கண்ட பதினைந்து மணி நேர வாரமும் தாராளம்தான்.

அதே ஊர், 90 ஆண்டுகளுக்குப் பிறகு

2020 அக்டோபரில் கீழ் ஆஸ்திரிய மாநில வேலைவாய்ப்பு அலுவலகம் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த இடம் கிராமட்நொய்சீடல். மரியன்தால் அடங்கிய அதே ஊர். நெடுங்காலமாக வேலையில்லாமல் இருந்த ஒவ்வொருவருக்கும், விரும்பினால், வேலை உறுதி. முதல் இரண்டு மாதம் பயிற்சி. பிறகு தனியார் நிறுவனத்தில் அரசு மானியத்தோடு வேலை, அல்லது ஊருக்காகவே உருவாக்கப்பட்ட தச்சுப் பட்டறை, தோட்டப் பராமரிப்பு போன்ற பணிகள். தொழிற்சங்க ஒப்பந்தப்படியான ஊதியம். மறுத்தால் உதவித்தொகை போய்விடாது. வேலையை ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பொருளியலாளர்கள் மாக்சிமிலியன் காசியும் லூக்காஸ் லேனரும் இதை அளந்தார்கள். பங்கேற்பவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு அணியாக்கி, ஒன்றைச் சில மாதம் முன்னதாகத் தொடங்கச் செய்து, காத்திருந்த அணியோடு ஒப்பிட்டார்கள். வருமானமும் பாதுகாப்பு உணர்வும் கூடின. அவற்றோடு யஹோடாவின் பட்டியலில் இருந்தவையும் கூடின: நாளுக்கு ஒழுங்கு, மனிதர் தொடர்பு, தான் மதிக்கப்படுகிறோம் என்ற உணர்வு, கூட்டு நோக்கம். உடல்நலத்தில் மாற்றம் தென்படவில்லை. ஊரில் நெடுநாள் வேலையின்மை ஏறக்குறைய மறைந்தது. செலவும் மலைக்க வைக்கவில்லை. ஒருவரை ஓராண்டு வேலையில்லாமல் வைத்திருப்பதற்கும் இத்திட்டத்தில் வேலை கொடுப்பதற்கும் ஆகும் செலவு ஏறக்குறைய சமம், ஆளுக்கு 30,000 யூரோ அளவில். ஆனாலும் திட்டம் 2024இல் முடிந்தது.

வேலை உறுதி என்ற எண்ணத்தை உலகிலேயே மிகப் பெரிய அளவில் சட்டமாக்கியது இந்தியாதான். தமிழ்நாட்டில் 'நூறு நாள் வேலை' என்று எல்லோரும் அறிந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். அந்தத் திட்டத்தைப் பற்றிய சண்டை எப்போதும் குளம் எவ்வளவு ஆழமாயிற்று, யார் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார் என்பதைச் சுற்றியே நடந்தது. வெட்டிய மண்ணை அளந்தது சரி. தனியாக வாழும் ஒரு மூதாட்டி காலையில் கிளம்பிப் போக ஓர் இடம், பேச நாலு பேர், தன் பெயரில் வங்கிக் கணக்கில் விழும் கூலி ஆகியவற்றையும் அளக்க வேண்டும். மரீ யஹோடா இருந்திருந்தால் அந்த மரத்தடிக்குத்தான் முதலில் போயிருப்பார்.

இன்றைய விவாதத்துக்கு இதனால் என்ன?

முதலாவது, 'பணமா, வேலையா' என்ற கேள்வியே தவறான இடத்தில் வெட்டுகிறது. வறுமை நாளைய திட்டத்தை அழிக்கும் என்பதை மரியன்தாலின் 34, 30, 25, 19 என்ற எண்கள் சொல்கின்றன. அச்சமில்லாத வருமானம் அடிப்படைத் தேவை. அதைக் கொடுத்த பிறகும் நாளின் வடிவமும் பிறருக்குத் தேவைப்படுதலும் தாமாக வந்துவிடா. 'நேரம் கிடைத்தால் மனிதர்கள் படிப்பார்கள், பாடுவார்கள்' என்று நம்பியவர்களுக்கு மரியன்தால் நூலகம் தந்த விடை கசப்பானது. அதை மறக்காமல்தான் இனித் திட்டமிட வேண்டும்.

இரண்டாவது, இயந்திரங்கள் மனித உழைப்பைக் குறைக்கும்போது அந்தக் குறைவு யார்மேல் விழுகிறது என்பது தொழில்நுட்பம் முடிவுசெய்யும் விஷயமல்ல. நூறு பேர் செய்த வேலைக்கு எண்பது பேர் போதும் என்றால், இருபது பேரை வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது நூறு பேரும் வாரத்தில் ஐந்து நாளுக்குப் பதில் நான்கு நாள் வரலாம். கணக்கில் இரண்டும் ஒன்று. மனிதர்கள் மேல் அவற்றின் விளைவோ வெவ்வேறு. கேம்பிரிட்ஜ் குழுவின் எட்டு மணி நேர ஆய்வு சரியென்றால், முதல் வழி இருபது பேரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வழி யாரிடமிருந்தும் எதையும் எடுப்பதில்லை, சம்பளத்தைத் தவிர. அந்தச் சம்பள இடைவெளியை நிரப்புவதுதான் அரசுகள் உட்கார்ந்து பேச வேண்டிய பொருளாதாரம்.

மூன்றாவது பலர் கவனிக்காதது. வேலை போகாமலே இந்த ஐந்து இழைகளும் அறுந்துபோகலாம். செயலி வழியே உணவும் பொட்டலமும் கொண்டுபோகும் ஒருவரின் நாளை யஹோடாவின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். வருமானம் உண்டு, ஓட்டம் உண்டு. ஆனால் எந்த நேரத்தில் வேலை வரும் என்பது அவர் கையில் இல்லை. அடுத்த அழைப்புக்காகச் சாலையோரம் வண்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் வேலையுமல்ல, ஓய்வுமல்ல. உடன் வேலை செய்பவர்களை அவர் கடை வாசலில் சந்திக்கிறார், தொழிற்கூடத்தில் அல்ல. எந்தக் கூட்டுக் காரியத்தில் தன் பங்கு என்ன என்று கேட்டால் திரை காட்டுவது மதிப்பெண்ணை மட்டுமே. வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தில் இவர் வேலையில் இருப்பவர். மரியன்தாலில் கேட்ட கேள்விகளை இவரிடமும் கேட்க வேண்டும்: காலையில் எப்போது எழுந்தீர்கள், பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே என்ன செய்தீர்கள், யாரோடு பேசினீர்கள்.